பழம் கொண்டுபோகக் கூடாது

டயருக்குக் காற்று, பிரேக்குக்கு எண்ணெய்,
சிலியிலும் செல்லுபடியாகும் வண்டிக் காப்பீடு,
தலைவலி மாத்திரை, தண்ணீர், இரண்டு போர்வை.
ஜனவரியிலும் கணவாயில் பனி கொட்டும் என்கிறாள்
மருந்துக்கடை மிர்த்தா.
சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் ஓர் இரவு முழுக்க
காருக்குள் விறைத்துக் கிடந்தவள் அவள்.

எல்லாவற்றையும்விடக் கடினம் ஒரு கையெழுத்து.
பத்து வயது மகனை எல்லை தாண்டிக் கூட்டிப்போக
தகப்பன் சம்மதிக்க வேண்டும், நோட்டரி முன்னால்.

ஒராசியோ தாமதமாக வந்தான்,
பூட்ஸில் மதகுச் சேறு.
மூன்று பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தான்.
என் கடிதங்களை ஒருநாளும் அப்படிப் படித்ததில்லை.
"அங்கே கடல் இழுக்கும்."
"தெரியும்."
"இவன் வாய்க்காலில் நீந்தக் கற்றவன்."
"தெரியும், ஒராசியோ."
"பூமி ஆடினால்?"
"மெந்தோசாவில் ஆடாததா?"
"இங்கே ஆடி முடித்தபின் கடல் எழுந்து வராது."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
கையெழுத்துப் போட்டான்.
கேட்காமலே கட்டணத்தில் பாதியை மேசையில் வைத்தான்.

உஸ்பல்யாத்தா தாண்டி ஏறி ஏறி
சுரங்கத்தின் இருட்டில் எங்கோ நாடு மாறியது.
வெளியே வந்தால் வரிசை. நாலரை மணி நேரம்.
சிலிக்குள் பழம் போகக் கூடாது, கொட்டையும் கூடாது.
அதனால் வரிசையே தின்றுகொண்டிருந்தது.
முன்பின் தெரியாதவர்கள்
கார் ஜன்னல் வழியே திராட்சைக் குலை நீட்டினார்கள்.
சான் ஹுவான்காரர் ஒருவர்
முழுத் தர்ப்பூசணியை பானெட்டில் வைத்துப் பிளந்தார்.
மூச்சு வாங்கும் உயரத்தில், கல்யாண வீடு மாதிரி.
லிசாந்த்ரோ மட்டும் எதையும் தொடவில்லை.

படிவத்தில் 'இல்லை' என்று குறித்துவிட்டேன்.
மோப்ப நாய் இரண்டு கார் தள்ளி வந்துகொண்டிருந்தது.
"அம்மா, 'உண்டு' என்று மாற்று" என்றான்.
காலுறைக்குள் ஒரு பீச் பழம்.
"அப்பாவுடைய மரத்தது.
கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிடச் சொன்னார்."
மூன்று பக்கம் படித்த மனிதனுக்கு
ஊரே அறிந்த ஒரு விதி தெரியவில்லை!
அடித்துத் திருத்தினேன்.
"சொன்னதால் அபராதம் இல்லை" என்றாள் அதிகாரி.
கையுறை விரல்களால் பழத்தை எடுத்து
தகர டிரம்முக்குள் போட்டாள்.
குதிகால் உயர்த்தி எட்டிப் பார்த்தான் அவன்,
எதன் மேல் விழுந்தது என்று.

இறக்கத்தில் வளைவுகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள்.
உரக்க எண்ணிக்கொண்டே வந்தவன்
பதினேழில் வாந்தி எடுத்தான்.

கடற்கரையில் சிவப்புக் கொடி.
முழங்கால் வரைதான் என்றேன்; குளிரில் அதுவே அதிகம்.
தெருமுனைப் பலகையில்
அலை துரத்த மேட்டில் ஓடும் ஒரு மனிதன்.
விடுதி வாசலிலிருந்து மேட்டுப் பள்ளிக்கூடம் வரை
நடந்து பார்த்தோம். பதினோரு நிமிடம்.
ரப்பர் செருப்போடு பதினான்கு.

மூன்றாம் இரவு தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசின.
காகிதப் பை ஒரு கையில், அவன் மணிக்கட்டு மறு கையில்,
தெருவுக்கு வந்தால் வேறு யாருமே இல்லை.
பெட்டிக்கடைக்காரர் பனியனோடு எட்டிப் பார்த்தார்.
"நிற்க முடிகிறதா, சென்யோரா?"
"முடிகிறது."
"அப்படியென்றால் போய்த் தூங்குங்கள்.
நிற்க முடியாதபோது ஓடினால் போதும்."
ஆனாலும் ஏறினோம், பதினான்கு நிமிடமும்.

மேலிருந்து கடல் தெரியவில்லை,
அது இருக்குமிடத்தில் விளக்குகள் இல்லை, அவ்வளவுதான்.
அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றான்.
இரவு இரண்டு மணி.
முதல் மணியிலேயே எடுத்தான் ஒராசியோ.
மேட்டில்தானே நிற்கிறீர்கள் என்று இரண்டு முறை கேட்டான்.
அப்புறம், பழம் எப்படி இருந்தது என்றான்.

மகன் என்னைப் பார்த்தான்.
"சாறு முழங்கை வரை வழிந்தது, அப்பா" என்றான்.